விழும் திசை

வேதாரண்யத்தில் அறுபத்தைந்து வயது தாண்டிய இரண்டு பெண்கள், ஒரே மாதிரி ஈரத் தரையில் வழுக்கி விழுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். மற்றவரால் எழ முடியவில்லை; தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. ஏன் ஒருவருக்கு முறிந்தது, மற்றவருக்கு முறியவில்லை? இன்றைய மருத்துவம் இதற்கு எலும்பின் அடர்த்தியைத்தான் முதலில் காரணம் காட்டும். டெக்ஸா ஸ்கேனில் எலும்பிலுள்ள தாதுவை அளந்து, ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு, அதிலிருந்து இரண்டரை திட்ட விலக்கமோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் எலும்புப்புரை என்று முத்திரை குத்தலாம் என உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது. நல்ல வரையறைதான், உலகம் முழுக்க ஒரே கோலால் அளக்க வழி செய்தது. ஆனால் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் முதியவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவர்கள் 2004இல் வெளியிட்ட கணக்கு சங்கடமானது. முதுகெலும்பைத் தவிர மற்ற எலும்புகள் முறிந்த பெண்களில் 44 சதவீதம் பேர்தான் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். ஆண்களில் வெறும் 21 சதவீதம். மற்ற எல்லாரும் சோதனையில் தேறிய எலும்போடு போய் முறித்துக்கொண்டவர்கள். அளந்தது தவறில்லை. எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டோம். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு பாரம் வந்தால் அது தாங்கும் என்று கேட்கவில்லை. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் பொறியியல் துறைகளின் முனைவர் பட்ட மாணவர்கள் கம்ப்யூட்டரில் எலும்பைக் கட்டி, அதை அங்கேயே முறித்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பதே சரியான கேள்வி என்பதும், அதன் பயன் டெக்ஸா வசதியுள்ள பெருநகரங்களைவிட வேதாரண்யம் போன்ற ஊர்களுக்கே அதிகம் என்பதும் என் கட்சி.

இந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1860களில் சூரிச் நகரில் ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறியல் பேராசிரியர் தொடை எலும்பின் மேல்பகுதியை நெடுக்குவாட்டில் அறுத்து, உள்ளே தெரிந்த வரிகளைப் படமாக வரைந்து காட்டினார். அதைப் பார்த்த கார்ல் குல்மான் மருத்துவர் அல்லர். பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளர். வளைந்த கிரேன் ஒன்றில் அழுத்தமும் இழுவையும் எந்தக் கோடுகளில் ஓடும் என்று கணக்கிட்டு அவர் வரையும் படத்தை, எலும்பு தனக்குள் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தது. பிறகு 1892இல் யூலியுஸ் வோல்ஃப் இதை விதியாகவே எழுதினார்: பாரம் விழும் இடத்தில் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும், விழாத இடத்தில் கரைத்துக்கொள்ளும். அவருடைய கணிதத்தில் பின்னால் வந்தவர்கள் நிறையக் குறை கண்டார்கள். மையக் கருத்து மட்டும் அசையவில்லை. ஒரே எடையுள்ள மரத்தைக் கெட்டிக் குச்சியாகச் செய்தால் ஒடிந்துவிடும். மூங்கிலாக வளர்ந்திருந்தால் வளைந்து தாங்கும். சரக்கு எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம்.

பாரம் என்றால் எவ்வளவு? பெர்லினில் கெயோர்க் பெர்க்மான் குழுவினர், செயற்கை இடுப்புப்பூட்டுக்குள்ளேயே அளவுமானிகளைப் பதித்து, அதைப் பொருத்திக்கொண்டவர்களை நடக்கவிட்டு அளந்தார்கள். சாதாரண நடையில் ஒவ்வோர் அடிக்கும் இடுப்புப்பூட்டில் விழும் விசை உடல் எடையைப் போல் சுமார் 2.4 மடங்கு. தடுக்கித் தடுமாறினால் எட்டு மடங்குக்கு மேலும் போகிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அடிக்கு முக்கால் மீட்டர் என்று வைத்தால், ஒவ்வோர் இடுப்பும் ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் அந்த விசையை வாங்கியிருக்கிறது. முறிய வேண்டிய எலும்பு அங்கேயே முறிந்திருக்கலாம். முறியவில்லை, ஏனென்றால் நடையின் பாரம் எலும்புக்குப் பழகிய பாரம். பிறந்ததிலிருந்து அந்தத் திசைக்காகவே அது தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

அடர்த்தி மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சாட்சி அன்றைய சென்னை மாகாணத்திலிருந்தே கிடைத்தது. நெல்லூர்ப் பகுதியில் கிணற்று நீரிலிருந்த ஃபுளூரைடால் முதுகும் மூட்டுகளும் இறுகிப்போன மக்களைப் பற்றி ஷார்ட்டும் அவருடைய சக மருத்துவர்களும் 1937இல் எழுதினார்கள். எக்ஸ்ரேயில் அந்த எலும்புகள் பளிச்சென்று, வழக்கத்தைவிட அடர்த்தியாகத் தெரியும். அடர்த்திதான் வலிமை என்றால் இவை ஊரிலேயே பலமான எலும்புகளாக இருக்க வேண்டும். அப்படி நினைத்துத்தான் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு ஃபுளூரைடையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் ரிக்ஸ் குழுவினர் வெளியிட்ட முடிவு இது: நான்கு ஆண்டுகளில் இடுப்பருகே முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது, முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளின் முறிவு கூடிவிட்டது. எலும்பு தாது மட்டும் அன்று. தாதுவைக் கோத்துப் பிடித்து, விரிசல் ஓடாமல் தடுப்பது கொலாஜன் என்ற புரத நார். அதன் மூவிழைத் திருகமைப்பை 1954–55இல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். டெக்ஸா அந்த நாரைப் பார்ப்பதே இல்லை. சி.டி. ஸ்கேனும் பார்ப்பதில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்; கம்ப்யூட்டர் மாதிரிகளின் பலவீனத்தைப் பேசும்போது இது திரும்பவும் வரும்.

இனி விழுவதைப் பார்ப்போம். தொடையின் வெளிப்புறத்தில் கை வைத்து அழுத்தினால் ஒரு மேடு தட்டுப்படும். அங்கிருந்து உள்நோக்கிச் சாய்வாக ஏறி இடுப்புக் குழியில் பொருந்தும் உருண்டையைத் தாங்குவதுதான் தொடை எலும்பின் கழுத்து. நிற்கும்போதும் நடக்கும்போதும் உடம்பின் பாரம் உருண்டையை மேலிருந்து அழுத்துகிறது. கழுத்தின் அடிப்பக்க ஓடு நசுங்கும் விசையை வாங்குகிறது. மேல்பக்க ஓட்டுக்கு அதிக வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் எலும்பு கரையும் என்று வோல்ஃப் சொன்னது இங்கே அப்படியே நடக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மேஹ்யூவும் சகாக்களும் 2005இல் லான்செட் இதழில் காட்டியது இதைத்தான். வயது ஏற ஏற அடிப்பக்க ஓடு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. மேல்வெளிப்பக்க ஓடு மெலிந்துகொண்டே போகிறது. நடைக்கு இது குறையே இல்லை. பக்கவாட்டில் விழும்போதுதான் கதை தலைகீழாகிறது. வெளிப்புற மேடு தரையில் மோதுகிறது. கழுத்து எதிர்த்திசையில் வளைகிறது. இத்தனை ஆண்டுகள் சும்மா இருந்து காகிதமாகிப்போன மேல்பக்க ஓடு திடீரென்று நசுங்கும் விசையை வாங்குகிறது. தானமாகப் பெற்ற தொடை எலும்புகளை விழும் நிலையில் வைத்து அழுத்தி, அதிவேகக் கேமராவில் படம் பிடித்தபோது, முறிவு கழுத்தின் மேல்பக்கத்தில் தொடங்குவது கண்ணுக்கே தெரிந்தது. கோர்ட்னியும் சகாக்களும் 1995இல் அதே நிலையில் சோதித்தபோது, இளையோரின் எலும்பு சராசரியாக 7,200 நியூட்டன் தாங்கியது, முதியோருடையது 3,440. நியூட்டன் பழக்கமில்லாதவர்களுக்கு: பின்னது ஏறக்குறைய 350 கிலோ எடை. நின்ற உயரத்திலிருந்து பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பில் விழும் அடி சில ஆயிரம் நியூட்டன் என்பதால், முதியவரின் எலும்புக்கு அது வாழ்வா சாவா என்ற எல்லை. கிரீன்ஸ்பானும் சகாக்களும் 1994இல் கண்டபடி, விழுந்த முதியவர்களில் பக்கவாட்டில் விழுந்தவர்களுக்கு இடுப்பு முறியும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு.

காவிரி டெல்டாவில் இதைச் சொன்னால் முதலில் வரும் மறுப்பு எனக்குத் தெரியும்: "உழைச்ச உடம்பு சார், எலும்பு கல்லு மாதிரி இருக்கும்." அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் பாத்தியிலிருந்து உப்பை வாரி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து வரப்பில் கொட்டியவரின் எலும்பும், நாற்று நட்டுக் களை பறித்தவரின் எலும்பும் நாற்காலியில் உட்கார்ந்தவரின் எலும்பைப் போல் இருக்காது என்பது உண்மை. உழைப்பு எலும்பைக் கட்டுகிறது. ஆனால் எந்தத் திசையில்? தலைச்சுமை நேராகக் கீழே இறங்கும் பாரம். அது தொடை எலும்புக் கழுத்தின் அடிப்பக்கத்தைத்தான் கெட்டிப்படுத்த முடியும். உப்பள வரப்பில் கால் வழுக்கிப் பக்கவாட்டில் சாயும்போது தேவைப்படுவது மேல்பக்கம். இது நான் விதியிலிருந்து ஊகிப்பது. உப்பளத் தொழிலாளர்களின் தொடை எலும்புக் கழுத்தின் ஓடு எவ்வளவு தடிப்பு என்று அளந்து யாராவது ஆய்வேடு எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன். அதோடு உழைப்பு மட்டும் எலும்பைக் காப்பதில்லை. சாப்பாட்டில் கால்சியம் வேண்டும், உடம்பில் வைட்டமின் டி வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு எலும்புப்புரை. பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் டி போதவில்லை. இத்தனை வெயில் அடிக்கும் தமிழ்நாட்டில்.

கம்ப்யூட்டர் மாதிரி செய்வது என்ன? விமானச் சிறகுகளைக் கணக்கிட 1950களில் வளர்ந்து, 1960இல் ரே கிளஃப் பெயர் சூட்டிய ஃபைனைட் எலிமென்ட் முறைதான் அடிப்படை. முழு உருவத்துக்கு ஒரேயடியாகக் கணக்குப் போட முடியாது; அதைச் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டியைத் தள்ளுவதையும் இழுப்பதையும் சமன்பாடாக எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்கிறார்கள். 1972இல் இது எலும்புக்கு வந்தது. இன்று நோயாளியின் சி.டி. ஸ்கேனிலிருந்து தொடை எலும்பின் எல்லையை அடுக்கடுக்காக வெட்டி எடுத்து, லட்சக்கணக்கான கட்டிகளாக்குவார்கள். ஸ்கேனின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு ஸ்கேனரைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். அந்த எண் அடர்த்தியாக மாறும். அடர்த்தி விறைப்பாக மாறும். கார்ட்டரும் ஹேஸும் 1970களில் கண்ட உறவுப்படி எலும்பின் வலிமை அடர்த்தியின் இருமடிக்கும், விறைப்பு மும்மடிக்கும் ஏற்ப ஏறி இறங்கும். அடர்த்தி பாதியானால் வலிமை கால்வாசி, விறைப்பு எட்டில் ஒரு பங்கு. அடர்த்தியில் சிறு குறைவும் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தக் கணக்கில் விளங்கும். பிறகு வெளிப்புற மேட்டில் பாரத்தை வைத்து ஏற்றிக்கொண்டே போவார்கள். எலும்புத் திசு ஒரு சதவீதம் அளவுக்கு நசுங்கினாலே விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிடும். அப்படி விட்டுக்கொடுக்கும் கட்டிகள் போதிய அளவு சேர்ந்த இடத்தில் எலும்பு முறிந்ததாக எழுதுவார்கள். கிடைக்கும் விடை ஒரு மதிப்பெண் அன்று. இந்தப் பெண்ணின் இந்த எலும்பு இந்தத் திசையில் இத்தனை நியூட்டன் தாங்கும் என்ற ஒரு வாக்கியம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பொத்தானை அழுத்தும் வேலையாகத் தோன்றும். ஆய்வு மாணவரின் காலமெல்லாம் போவது பொத்தானுக்கு முன்னால். இடுப்புக் குழியும் உருண்டையும் ஸ்கேனில் ஒட்டிக்கொண்டு தெரியும். மூட்டு தேய்ந்த முதியவர்களுக்கு இன்னும் மோசம். இரண்டையும் பிரிக்கக் கோடு போட வேண்டும். ஓடு மெலிந்த இடத்தில் ஸ்கேனின் ஒரு புள்ளி பாதி எலும்பும் பாதித் தசையுமாக இருக்கும். எண் குறைத்துக் காட்டும். உள்ளதைவிடப் பலவீனமாகக் கணக்காகும். கட்டிகளைச் சிறிதாக்கினால் விடை மாறுகிறதா, எந்த அளவில் மாறாமல் நிற்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காத ஆய்வேட்டை நல்ல தேர்வாளர் முதல் பக்கத்திலேயே மடக்கிவிடுவார். இவ்வளவுக்கும் ஈடாக, எந்தப் பரிசோதனைச் சாலையும் தர முடியாத ஒன்று கிடைக்கிறது. உண்மையான எலும்பை ஒரே ஒரு முறைதான் முறிக்க முடியும். கம்ப்யூட்டரில் உள்ள எலும்பை இருபது திசைகளில் விழவைக்கலாம். எந்தக் கோணத்தில் விழுந்தால் அது மிகச் சீக்கிரம் முறியும் என்று தேடலாம். அடர்த்தியை மட்டும் அளக்கும் கருவியிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

கம்ப்யூட்டர் சொல்வதை எப்படி நம்புவது என்பது நியாயமான சந்தேகம். அதற்கு விடை கம்ப்யூட்டருக்கு வெளியேதான் இருக்கிறது. தானமாக வந்த தொடை எலும்பை முதலில் ஸ்கேன் செய்து, மாதிரியைக் கட்டி, முறியும் பாரத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, பிறகு அதே எலும்பை எந்திரத்தில் வைத்து முறிக்கிறார்கள். ஜாய்ஸ் கீயக் 1990களின் இறுதியில் செய்தபோது, கணக்கிட்ட வலிமையும் முறித்துக் கண்ட வலிமையும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. 1999இல் கோடியும் சகாக்களும் ஒரே எலும்புகளில் டெக்ஸா, சி.டி. அடர்த்தி, கம்ப்யூட்டர் மாதிரி மூன்றையும் போட்டிக்கு விட்டார்கள். மாதிரிதான் தெளிவாக முந்தியது. அமெரிக்காவில் இன்று இந்தக் கணக்கு மருத்துவச் சேவையாகவே கிடைக்கிறது. பெண்களுக்கு 3,000, ஆண்களுக்கு 3,500 நியூட்டனுக்குக் கீழே வந்தால் உடையும் எலும்பு என்று எல்லையும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மேசையில் எலும்பு முறிவதைக் கணிப்பது வேறு. ஊரில் யாருக்கு முறியும் என்று கணிப்பது வேறு. ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், மாதிரியின் முன்னிலை அடர்த்தியைவிட அவ்வளவு பெரிதாக இல்லை. இதை மறைத்து எழுதுபவர்கள் துறைக்கு நல்லது செய்வதில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே: விழாத எலும்பு முறியாது. கண் புரை, இரவில் போடும் தூக்க மாத்திரை, கைப்பிடியில்லாத கழிவறை, மழை பெய்த வரப்பு எல்லாம் முறிவில் பங்காளிகள். ஆகவே எலும்பை விடு, விழுவதைத் தடு என்று சொல்பவர்கள் உண்டு. விழுவதைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வயல், உப்பளம், மீன் இறங்கும் கரை எல்லாமே வழுக்கும் ஊரில் விழுவதை எவ்வளவு தடுத்துவிட முடியும்? யாருடைய எலும்பு அடுத்த விழுதலைத் தாங்காது என்று தெரிந்தால், செய்ய மருந்து இருக்கிறது. ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களுக்கு அலெண்ட்ரோனேட் கொடுத்த ஆய்வில் இடுப்பு முறிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 1996இலேயே கண்டாகிவிட்டது. மருந்து கைவசம் இருக்க, ஆளை அடையாளம் காணாமல் விடுவதுதான் நம் குறை.

வேதாரண்யத்துக்கு இதனால் என்ன என்ற கேள்விக்கு இப்போது வரலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் வந்தது; சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல். திருவாரூரில் 2010இலும், நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபின் தூரம் குறைந்திருக்கிறது. எலும்பு அடர்த்தி பார்ப்பதற்காக மட்டும் உப்பளக் கூலியை விட்டுவிட்டு எந்தப் பாட்டியும் பஸ் ஏறப் போவதில்லை. வலிக்காத நோய்க்கு யார் போவார்கள்? ஆனால் வயிற்று வலிக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலேயே மருத்துவப் பணிகள் கழகம் ஸ்கேன் மையங்களை நடத்துகிறது. கல்லுக்காக எடுத்த படத்தில் முதுகெலும்பும் பெரும்பாலும் இடுப்புப்பூட்டும் சேர்ந்தே விழுந்திருக்கும். கல்லைப் பார்த்துவிட்டு எலும்பைப் பார்க்காமல் மூடிவிடுகிறோம். விஸ்கான்சினில் பிக்ஹார்ட் குழுவினர் 2013இல் இப்படி வேறு காரணத்துக்காக எடுத்த 1,867 பேரின் வயிற்று ஸ்கேன்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். முதல் இடுப்பு முள்ளெலும்பின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணே எலும்புப்புரையைப் பெருமளவு காட்டிக்கொடுத்தது. அதோடு, முதுகெலும்பு நன்றாகவே நொறுங்கியிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் டெக்ஸாவில் தேறியவர்கள். அதே ஸ்கேனில் மாதிரியையும் கட்டிவிட்டால் கூடுதல் கதிர்வீச்சு இல்லை, கூடுதல் பஸ் கட்டணம் இல்லை. டெக்ஸா பக்கத்திலேயே உள்ளவருக்கு மாதிரி தரும் கூடுதல் லாபம் சிறியதாக இருக்கலாம். டெக்ஸாவே எட்டாதவருக்கு அது மொத்த லாபம். ஸ்கேனுக்கு முன் சாயம் ஏற்றியிருந்தால் எண்கள் மாறும், ஸ்கேனருக்கு ஸ்கேனர் அளவு வேறுபடும் என்ற சிக்கல்கள் உண்டு. தீர்க்கக்கூடிய சிக்கல்கள், ஆய்வேடுகள் இருப்பதே அதற்குத்தான்.

சி.டி.கூட இல்லாத இடத்தில் எக்ஸ்ரே இருக்கும். அதற்கும் இந்தியாவில் ஒரு பரம்பரை உண்டு. மன்மோகன் சிங் என்ற எலும்பு மருத்துவரும் சகாக்களும் 1970இல், சூரிச்சில் மேயர் வரைந்த அதே வரிகள் எக்ஸ்ரேயில் எந்த வரிசையில் மறைகின்றன என்று பார்த்து ஆறு படிகளாகப் பிரித்தார்கள். உலகம் முழுவதும் சிங் குறியீடு என்று பாடப்புத்தகத்தில் ஏறியது அதுதான். ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் இரண்டு படி சொல்வார்கள் என்பது அதன் குறை. கண்ணுக்குப் பதில் கம்ப்யூட்டர் அந்த வரிகளை அளந்தால் என்ன என்று அண்ணா பல்கலைக்கழகத்திலும் பிறகு சென்னை ஐஐடியிலும் எஸ். ராமகிருஷ்ணனும் அவருடைய ஆய்வு மாணவர்களும் வேலை செய்தார்கள். கரக்பூர் ஐஐடியில் சஞ்சய் குப்தாவின் குழு செயற்கை மூட்டு பொருத்திய எலும்புகளுக்கு மாதிரிகள் கட்டியது. அறிவு நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இல்லாதது நம் எலும்பு. அந்த மாதிரிகளுக்குள் இருக்கும் அடர்த்தி–வலிமை உறவுகளும், 3,000 நியூட்டன் எல்லையும் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க எலும்புகளிலிருந்து வந்தவை. முறியும் வாய்ப்பைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் என்ற சூத்திரத்தின் இந்திய வடிவமே சிங்கப்பூர் இந்தியர்களின் முறிவுக் கணக்கை வைத்து எழுதியது. இந்தியாவில் ஐம்பது வயது கடந்தோரில் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இடுப்பு முறிகிறது என்பதற்கு ரோத்தக் மாவட்டத்தில் எடுத்த, லட்சத்துக்கு 129 என்ற 2013ஆம் ஆண்டுக் கணக்கைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். அரியானாவின் பால் குடித்த உடம்பை வைத்து வேதாரண்யத்தை எப்படி அளப்பது? நம் பெண்கள் உயரத்திலும் எடையிலும் சிறியவர்கள், எலும்பும் சிறியது, அதே நேரம் விழும்போது விழும் அடியும் சிறியது. இரண்டில் எது மிஞ்சும் என்பதைக் கணக்கிட்டால்தான் தெரியும். தருமபுரி போன்ற ஃபுளூரைடு மாவட்டங்களில் அமெரிக்க உறவைப் போட்டால் மாதிரி நொறுங்கும் எலும்பைப் பலமானது என்று சான்றிதழ் கொடுத்துவிடும். முன்பே சொன்ன கொலாஜன் குருட்டுத்தனம் இங்கேதான் கடிக்கும். மாதிரி பயனற்றது என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. எந்த ஊர் எலும்பில் சரிபார்த்தோமோ அந்த ஊருக்கே அது பேசும் என்றுதான் ஆகிறது. மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையும் பொறியியல் கல்லூரியின் எந்திரவியல் துறையும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றின் வாசலை மற்றது மிதிக்காமல் இருக்கும் வரை இந்தக் குறை தீராது. தஞ்சாவூரில் இரண்டும் இருக்கின்றன.

முறிந்த பிறகும் இந்த மாதிரிக்கு வேலை உண்டு. டெல்டாவில் ஒருவேளை அதுவே அவசர வேலை. கால் எலும்புக்குக் கம்பி வைத்து அனுப்பிய தொழிலாளி ஒவ்வொரு முறையும் கேட்பது ஒரே கேள்வி: எப்போது வேலைக்குப் போகலாம்? மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தன் அனுபவத்தில் ஒரு நாள் சொல்வார். அனுபவம் மோசமான கருவி அன்று. ஆனால் எலும்பு கூடியதை அளக்கவும் முடியும். வெளிச்சட்டம் போட்ட கால் எலும்பு முறிவுகளில் ரிச்சர்ட்சனும் சகாக்களும் 1994இல் எலும்பை வளைத்து அதன் விறைப்பை அளந்தார்கள். ஒரு பாகைக்கு 15 நியூட்டன் மீட்டர் எட்டியபின் சட்டத்தைக் கழற்றினால் எலும்பு மீண்டும் முறிவதில்லை என்று கண்டார்கள். உள்ளே கம்பி இருந்தால் அப்படி வளைத்துப் பார்க்க முடியாது. குறைந்த கதிர்வீச்சு ஸ்கேனிலிருந்து மாதிரி கட்டி, அதைக் கம்ப்யூட்டரில் முறுக்கிப் பார்க்கும் முறையை அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தினர் ஆடுகளில் சரிபார்த்திருக்கிறார்கள். ஒரு மாதம் முன்னால் வேலைக்குப் போனால் கம்பி உடையலாம். ஒரு மாதம் பின்னால் போனால் உப்பு அள்ளும் பருவமே கைவிட்டுப் போகலாம். தினக்கூலிக்காரருக்கு இரண்டும் நட்டம்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் வாசகர் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது எந்தக் காரணத்துக்காவது சி.டி. ஸ்கேன் எடுத்தால், பிலிமோடும் அறிக்கையோடும் திரும்பிவிடாதீர்கள். பிலிமில் கறுப்பும் வெள்ளையும்தான் இருக்கும். ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் இருப்பது மூலக் கோப்பில். ஸ்கேன் மையத்தில் அதைக் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி, தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஐம்பது தாண்டிய பெண் என்றால் இன்னும் ஒரு படி மேலே போய், எலும்பையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.